நாளுக்குக் கால் அங்குலம்

சூரங்குறிச்சிப் பருத்திக் காட்டுக்கு மருந்து தெளிக்க வந்த ரெட்டைச் சிறகு விமானம், அறுபத்து நான்காம் வருஷம் மார்கழி ஒன்பதாம் தேதி காலை ஏழு இருபத்தைந்துக்கு விழ ஆரம்பித்து, எட்டு வருஷமும் நூற்றிரண்டு நாளும் கழித்து, ஒரு பங்குனி இருபத்து மூன்றாம் தேதி காலையில் விழுந்து முடித்தது. இதற்கு நடுவில் ஊரில் நாற்பத்தொரு கல்யாணமும் அறுபத்தாறு பிறப்பும் ஐம்பத்திரண்டு சாவும் நடந்தன. இரண்டு தேர்தல் வந்துபோயின. வண்டி மாடுகள் கன்றாக வந்து கிழடாகிப் போயின. எல்லாருக்கும் தலைக்கு மேல் அது மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, விழுந்துகொண்டே இருந்தது.

அந்த விமானத்தின் சரித்திரம் முழுவதும் ஒரு தடித்த புத்தகத்தில் இருந்தது. பைலட் ஏசுவடியான் காலையில் புறப்படும் நேரத்தை அதில் எழுதித் தகரப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, காட்டை ஒட்டிய தரிசில் ஏறுவார், இறங்கியதும் வாங்கி இறங்கிய நேரத்தை எழுதுவார். நான் ஐந்தாவது வரை படித்தவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எண்கள் எல்லா பாஷையிலும் எண்கள்தான் என்பதால் அந்தப் புத்தகத்தை நான் மூன்று தடவை முழுதாகப் படித்திருக்கிறேன். யுத்தத்தின் இரண்டாம் வருஷம் அது ஐந்து மரப்பெட்டிகளில் ரயிலில் வந்தது. ஊருக்கு வடக்கே நாலு மைலில் வெள்ளைக்காரன் அவசரமாகப் போட்ட ஓடுதளத்தில் வைத்து அதைப் பூட்டினார்கள். இருநூற்றுப் பதின்மூன்று பேர் அதில் பறக்கப் படித்தார்கள். படித்தவர்களில் எத்தனை பேர் யுத்தத்திலிருந்து திரும்பினார்கள் என்பதற்குப் புத்தகத்தில் கட்டம் இல்லை. ஒரு தடவை கண்மாயில் இறங்கியது, ஒரு தடவை சக்கரம் ஒடிந்தது, ஒரு தடவை பருந்தில் மோதியது. யுத்தம் முடிந்து ஏலத்தில் கைமாறி, சர்க்கஸ் நோட்டீஸை ஊர் ஊராக வானத்திலிருந்து கொட்டியது. பிறகு மருந்துக் கம்பெனி ஒன்று வாங்கி, முன் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே பூச்சி மருந்துத் தொட்டியை வைத்தது. துணி நாலு தடவையும், இறக்கை மரம் இரண்டு தடவையும், இஞ்சின் மூன்று தடவையும் மாறியிருந்தன. மார்கழி எட்டாம் தேதி வரை மொத்தம் ஆறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு மணி நாற்பது நிமிஷம் பறந்திருந்தது. ஒன்பதாம் தேதிக்கு நேராகப் புறப்பட்ட நேரம் ஏழு பத்து என்று இருக்கிறது. இறங்கிய நேரம் என்ற கட்டம் காலி.

என் வேலை கொடி பிடிப்பது. காட்டின் ஓரத்தில் மூங்கில் கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டி உயரத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பைலட் தூரத்திலிருந்து கொடியைப் பார்த்து நேராக அதன் மேல் வருவார், பின்னால் மருந்து புகையாக இறங்கும். தலைக்கு மேல் அவர் கடந்ததும் நான் இருபது எட்டு எடுத்துவைத்துத் தள்ளிப் போய் நிற்பேன். திரும்பி வரும்போது அந்த இடத்துக்கு வருவார். வைக்கும் எட்டு பத்தொன்பது ஆனால் மருந்து இரட்டிப்பாக விழுந்து செடி கருகும், இருபத்தொன்று ஆனால் நடுவில் ஒரு வரிசை விட்டுப்போய்ப் புழு பிழைக்கும். நாலு வருஷத்தில் நான் ஒரு எட்டுக்கூடப் பிசகியதில்லை. "கொண்டல் நிக்கிற எடத்தக் கண்ண மூடிக்கிட்டு நம்பலாம் வே" என்று பைலட் என்னைப் பற்றிச் சொல்லுவார்.

அன்று ஆறாவது சுற்றுக்கு இருபது எட்டு வைத்தபோது, முந்தின நாள் மாலை பம்புசெட்டுக்காக இழுத்த புதுக் கரண்டுக் கம்பி என் இடத்துக்கு நேரே வந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், இருபது என்றால் இருபது என்று அங்கேயே நின்று கொடியைத் தூக்கினேன். பைலட் கொடியை நோக்கி வந்தார், கம்பியை முப்பது கெஜத்தில் கண்டார், மூக்கைச் செங்குத்தாகத் தூக்கினார், கம்பியைத் தாண்டினார். உச்சியில் வேகமெல்லாம் போய், மூக்கு மெதுவாகத் திரும்பிக் கீழே பார்த்தது. அப்புறம் அது வரவில்லை. நான் குனிந்து, கையால் தலையை மூடிக்கொண்டு, நூறு வரை எண்ணிவிட்டு நிமிர்ந்தேன். அங்கேயேதான் இருந்தது. இஞ்சின் சத்தம் இல்லை. பின்னால் மருந்துப் புகை ஒரு வெள்ளைச் சேலையைக் காயப்போட்டது போல ஆடாமல் நின்றது.

ஊர் கூடிவிட்டது. வந்தவர்கள் ஓடவும் இல்லை, சாமியாடவும் இல்லை. எல்லாருக்கும் களை எடுக்கும் வேலை கிடந்தது.

"என்னல, நிக்குது?" என்றார் பிரசிடெண்ட் குருவையா.

"நிக்கல பிரசிடெண்டு. விழுந்துக்கிட்டிருக்கு" என்றேன்.

"எப்ப விழும்னு சொல்லுத?"

அன்று சாயங்காலம் பனங்கம்புகளை ஒன்றோடொன்று கட்டி அளவுகோல் செய்தேன். மூக்கிலிருந்து தரை வரை ஐம்பத்து நாலு அடி. மறுநாள் காலையில் அளந்தேன், கால் அங்குலம் குறைந்திருந்தது. அதற்கு மறுநாளும் கால் அங்குலம். பத்து நாளும் கால் அங்குலமேதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாள் என்று பிரசிடெண்டிடம் சொன்னேன். ஏழு வருஷத்துக்கு மேல் இருக்கிறது என்றதும், "அப்பச் சரி, மொதல்ல களையப் பாப்போம்" என்று சொல்லிவிட்டார். விசாரணை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, படம் வரைந்து மகஜர் எழுதி, கடைசியில் பேனாவை மூடினார். "இது விபத்தும் இல்லை, தரையிறங்கினதும் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல எங்க கிட்ட ஃபாரம் கிடையாது. விழுந்த பிறகு சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பைலட்டின் சம்சாரம் எஸ்தர் பாளையங்கோட்டையிலிருந்து பன்னிரண்டாம் நாள் வந்தாள். இருபத்து நாலு வயசு, வாத்தியார் வேலை, கல்யாணமாகிப் பதினான்கு மாதம். அவர் முகம் கீழே நின்றே நன்றாகத் தெரிந்தது. பல்லைக் கடித்திருந்தார். தலை இடது பக்கம் திரும்பி, நான் கொடி பிடித்து நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. "இவரு சாப்பிட்டுட்டா ஏறினாரு?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு தோசை என்றேன். மூன்று மாதத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கம்பி விஷயத்தை நானே அவளிடம் சொன்னேன். "இருபதுன்னா இருபதுதான அண்ணாச்சி. நீங்க என்ன செய்வீங்க" என்றாள். ஊரும் அதையே சொன்னது. அதைச் சொல்லிச் சொல்லியே என்னை எல்லாரும் நம்பினார்கள்.

தினமும் காலையில் பள்ளிக்கூட மணிக்கு முன்னால் அவள் காட்டுக்கு வருவாள், நான் அளப்பேன், "இன்னைக்கு?" என்பாள், "கால் அங்குலம் டீச்சர்" என்பேன், போய்விடுவாள்.

தொண்ணூறாம் நாள் பனையேறி அய்யாப்பழம் சாரம் கட்டி மேலே போனான். விமானத்திலிருந்து ஒரு முழத்துக்கு இப்பால் வரைக்கும் அவன் எங்களைப் போலத்தான் இருந்தான், வேட்டி காற்றில் படபடத்தது. சக்கரத்தைப் பிடிக்கக் கையை நீட்டி அந்த ஒரு முழத்துக்குள் போனதும், வேட்டி பாதிப் பறப்பில் நின்றது, அவனும் நின்றான். கூப்பிட்டோம், ஏசினோம், கயிற்றை எறிந்தோம். கயிறும் அவன் தோளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவனுடைய கை இறங்கும் சக்கரத்தோடு நாளுக்குக் கால் அங்குலம் இறங்கியது. அவன் உள்ளே போன இருநூற்றுப் பத்தாம் நாள், காட்டில் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், கையை உதறிக்கொண்டு அவன் மடமடவென்று இறங்கி வந்தான்.

"தொட்டேன், சில்லுனு இருந்துச்சு, எடுத்துட்டேன். அதுக்குள்ள எல்லாரும் எங்கல போனீக?"

அவன் ஏறும்போது பெண்டாட்டி பொன்னம்மாளுக்கு மூன்று மாதம். இப்போது கையில் ஒரு மாதப் பிள்ளையோடு வந்து எதிரே நின்றாள்.

"வந்துட்டீரோ? ஊருல ஒவ்வொருத்தன் சந்தைக்குப் போயிட்டு வாரேன்னு போய் ஒரு நாள் இருந்துட்டு வாரான். நீரு ஏணியில ஏறிட்டு வாரேன்னு போய் ஏழு மாசம் இருந்துட்டு வாரீரு. இந்தாரும், பிள்ளையப் பிடியும், எனக்குக் கை நோவுது."

அவன் மோவாயில் முந்தின நாள் சவரம் செய்த பச்சை அப்படியே இருந்தது. வயிற்றில் முந்தின வேளைக் கூழ் இருந்தது. எஸ்தர் டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். அதற்கு முன் எந்தப் பெண்ணும் என் கையைப் பிடித்ததில்லை.

"அண்ணாச்சி, இவரு போயிட்டுத் திரும்பிட்டாருல்ல? அப்ப உள்ள போயி அவரோட பெல்ட்டை அவுக்கலாம்ல?"

கம்பெனி கொட்டகையில் உபரி பெல்ட் ஒன்று இருந்தது. தினமும் காலையில் பைலட்டுக்கு அதே மாதிரி பெல்ட்டைப் பூட்டிவிட்டவன் நான். ஒரு ஆணியை உருவ வேண்டும், நாலு பட்டைகளை விலக்க வேண்டும், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். அய்யாப்பழத்தை ஒரு தூணைத் தொட்டுத் தொட்டு எடுக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பிரசிடெண்டை நாற்காலியில் கட்டி வைத்து அவிழ்த்தேன். "மெல்லல, விலா வலிக்கு" என்றார் அவர். இருபது தடவை செய்து பார்த்தேன். இறக்கையில் கால் வைத்து ஏறுவதிலிருந்து, இருவரும் வெளியே தாவுவது வரை, அய்யாப்பழம் பதினொரு தடவை தொட்டு எடுத்தான். ஒரு தொடுதலுக்கு இருநூற்றுப் பத்து நாள் என்றால் பதினொன்றுக்கு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. அன்றைக்கு மிச்சம் இருந்தது இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாள்.

"பதினெட்டு நாள் குறையுது" என்றேன்.

அய்யாப்பழம்தான் பிள்ளையை மாற்றி இடுக்கிக்கொண்டு, "வானத்த ஒசத்த முடியாது. தரையைத் தாழ்த்தலாம்ல?" என்றான்.

அப்படித்தான் எங்கள் ஊர், விழுகிற ஒன்றுக்கு அடியில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தது. ஒரு அடி தோண்டினால் நாற்பத்தெட்டு நாள் கூடும். நாற்பதடி நீளம், முப்பதடி அகலம், வீட்டுக்கு ஒரு ஆள் முறை. பருத்தி வேலையும் பார்த்துக்கொண்டு ஒரு அடி இறங்க நாற்பது நாள் பிடித்தது. நாற்பது நாளைச் செலவழித்து நாற்பத்தெட்டு நாளைச் சம்பாதித்தோம், எட்டு நாள் மிச்சம். கரிசல் வேனிலில் இரும்பாக இருந்தது, மழையில் பசையாக இருந்தது. மாமியார் மருமகள் சண்டையெல்லாம் பள்ளத்துக்குள் வைத்தே தீர்க்கப்பட்டது. பெண் கொடுக்க வந்தவர்கள் முதலில் மாப்பிள்ளை எத்தனை முறை மண் சுமந்தான் என்று விசாரித்தார்கள். மூன்றாவது அடி முடிந்த அன்று என் கணக்கில் ஆறு நாள் மிஞ்சியது.

"போதும்ல? ஏறுதியா?" என்று பிரசிடெண்ட் கேட்டார். உள்ளே போகவேண்டியவன் நான்தான் என்று யாரும் சொல்லவில்லை, யாருக்கும் சந்தேகமும் இல்லை. பெல்ட் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை.

"ஆறு நாள் பத்தாது. கை ஒரு தடவை வழுக்கினாப் போச்சு. அம்பது நாள் உபரி வேணும்" என்றேன்.

தோண்டினார்கள். நாலாவது அடி, ஐந்தாவது அடி. ஆறாவது அடியில் ஓடைமண் வந்தது. ஒன்பதாவது அடி முடிந்த அன்று கடப்பாறை பாறையில் மோதி நெருப்புப் பறந்தது. அதற்குக் கீழே போக வழியில்லை, வேட்டு வைத்தால் மேலே என்ன ஆகுமோ என்று பயம். அன்று அறுநூற்று அறுபதாம் நாள். மிச்சம் இரண்டாயிரத்து முந்நூற்று அறுபத்து நாலு. வேண்டியது போக ஐம்பத்து நாலு நாள் உபரி. நான் கேட்டதற்கும் நாலு நாள் அதிகம்.

மறுநாள் காலையில் ஊரே வந்து நின்றது. எஸ்தர் டீச்சர் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். சாரத்தில் ஏறினேன். மேலே போய், ஒரு முழத்துக்கு இப்பால், பலகையில் நின்றேன். பைலட்டின் முகம் எனக்கு நேரே இருந்தது. புருவத்தில் ஒரு வியர்வைத் துளி பாதி உருண்டு நின்றது. இன்னும் ஒரு எட்டு வைத்தால் எனக்கு இரண்டு மூன்று மூச்சுதான், கீழே ஆறரை வருஷம். அல்லது பாறை. நான் ஒரு எட்டு, ஒரே எட்டு வைக்கவேண்டும். என் கால் எண்ணவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்றும் எனக்குத் தெரியாது, என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் நின்றது அங்கே மட்டும்தான்.

இறங்கி வந்தேன்.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் எஸ்தர் டீச்சர்.

"கணக்குத் தப்பிருச்சு டீச்சர். உள்ள நுழையிற நேரத்தச் சேர்க்காம விட்டுட்டேன். எம்பது நாள் குறையுது. பாறைக்குக் கீழ போக வழியில்ல."

ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. ஒரு எட்டு பிசகாதவன் சொல்லும்போது யார் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள்? பிரசிடெண்ட் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அய்யாப்பழம் நான் சொல்லித்தந்தால் தான் போவதாகச் சொன்னான். நான் அவனுக்கும் அதே எண்பதைச் சொன்னேன். பொன்னம்மாள் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொருவராகக் கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். டீச்சர் சொம்பை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள், அன்று மணி கால் மணி நேரம் தாமதமாக அடித்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் நம்பிக்கை இல்லாமல் வாழக் கற்றுக்கொண்டது, அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. இறக்கை நிழலில் மிளகாய் வற்றல் பொறுக்கினார்கள். நிழல் கிணற்று மேட்டைத் தொட்டால் மதியக் கஞ்சி. வரப்புத் தகராறில் எல்லைக்கு அடையாளமாக வால் நுனியைக் காட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று போனார்கள். மருந்துப் புகை மெல்ல இறங்கி, மூன்றாம் வருஷம் பனை உயரத்துக்கும், ஐந்தாம் வருஷம் ஆள் உயரத்துக்கும் வந்து, அதன் அடியில் இருந்த ஏழு வரிசைச் செடியும் அங்கே வந்த பறவைகளும் செத்தன. மழைக்காலத்தில் பள்ளம் நிரம்பினால் மூக்கு தண்ணீரைத் தொட்டுவிடும் என்று வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்து இறைத்தோம். எதற்காக இறைக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. முறை வந்தது, இறைத்தோம்.

பைலட்டுக்கு அப்போதும் முப்பத்தொரு வயசு. எஸ்தர் டீச்சருக்கு முப்பத்திரண்டு ஆனபோது பொன்னம்மாள், "இனிமே நீங்க அவருக்கு அக்கா முறை டீச்சர், வாய்யா போய்யான்னு பேசலாம்" என்றாள். டீச்சர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டது. அவள் தினமும் வந்தாள். "இன்னைக்கு?" "கால் அங்குலம் டீச்சர்." என் வாயில் வேறு எதுவும் வரவில்லை. ஆறு வருஷம் தினமும் அதைச் சொல்லும்போது, அதற்கு அடியில் இருக்கும் இன்னொரு எண்ணை விழுங்கினேன்.

கடைசி வருஷம் ஆவணியில், இருநூற்றுப் பதின்மூன்று நாள் மிச்சம் இருந்த அன்று, விழுங்க முடியவில்லை. மூக்கு பள்ளத்துக்குள் நுழைந்து வெகுநாள் ஆகியிருந்தது. அவர் முகம் தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது, பள்ளத்தின் விளிம்பில் நின்றால் பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒருவரைப் பார்ப்பது போல.

"டீச்சர், அன்னைக்குக் கணக்குச் சரியாத்தான் இருந்துச்சு. அம்பத்து நாலு நாள் உபரி. எனக்குப் பயம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாட்டுப் பாடுவது கேட்டது.

"ஒரு எட்டு பிசக மாட்டீங்களே அண்ணாச்சி" என்றாள் கடைசியில். "பொய் சொல்ல மட்டும் எங்க படிச்சீங்க?"

நான் அளவுகோலைக் கீழே வைத்தேன்.

"இன்னைக்கு எத்தனை மிச்சம்?"

"இருநூத்திப் பதிமூணு."

"பெல்ட்ட அவுக்கப் பத்தாது."

"பத்தாது."

"நாடியத் தொட்டுத் திருப்ப? என் பக்கமா?" என்று தன் மோவாயைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள். "எட்டு வருஷமா உங்க கொடியையே பாத்துக்கிட்டிருக்காரு."

கை போய்ச் சேர நூற்றைந்து நாள் என்று சொல்ல முடிந்தது. ஒரு முகம் திரும்ப எத்தனை நாள், அதில் இருக்கும் கண் திரும்ப எத்தனை நாள் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். "தெரியாமலே ஒண்ணச் செஞ்சு பாப்போம்" என்றாள். அன்றே போகவேண்டும் என்றாள். பள்ளத்துக்கு நடுவே நின்ற பழைய சாரம் உளுத்திருந்தது. அய்யாப்பழம் பொழுது சாய்வதற்குள் கட்டித் தருவதாக மரத்தை வெட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான்தான் விடவில்லை. சாரம் ஒரு நெல் அளவு ஆடினாலும் அவள் பாதம் அந்த ஒரு முழத்துக்குள் கோணலாக நுழையும், கை வேறு பக்கம் போகும் என்று, ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்து நானே கட்டினேன். ஒவ்வொரு கம்பையும் நூல் பிடித்துப் பார்த்தேன். இந்தத் தடவை எதுவும் என்னால் தப்பக்கூடாது என்று இருந்தது. ஐந்து நாள் ஆயிற்று. ஐந்து நாளும் அவள் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை.

ஆறாம் நாள் காலையில் பொன்னம்மாள் அவளுக்குத் தலை சீவிப் பிச்சிப்பூ வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துச் சாவியைப் பிரசிடெண்டிடம் கொடுத்தாள். "டீச்சரம்மா, நெசமாவே வேணுமா?" என்றார் அவர். "எட்டு வருஷம் நான் மட்டும்தான பாத்தேன், பிரசிடெண்டு" என்று சொல்லிவிட்டுப் பலகையில் ஏறி, நின்று, ஒரு எட்டு வைத்தாள். பிச்சிப்பூவிலிருந்து உதிர்ந்த ஒரு பூ அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்றது.

அப்புறம் இருநூற்று எட்டு நாள். அந்த ஐப்பசியில் பேய்மழை. தண்ணீர் மூக்குக்கு ஒரு சாண் கீழே வந்தபோது, முறை பார்க்காமல் ஊரே பள்ளத்தில் இறங்கியது. அண்டா, குடம், பிள்ளைகள் கையில் தகர டப்பா, கல்யாண வீட்டிலிருந்து பாதியில் வந்த மாப்பிள்ளை கையில் பந்திக்கு வாங்கிய புதுவாளி என்று பதினேழு நாள் இறைத்தோம். ஒன்பது அடி பள்ளத்தைத் தோண்டியபோது இருந்ததைவிட அப்போது ஊரில் ஒற்றுமை இருந்தது. எந்த உயிரையும் அது காப்பாற்றப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

அவள் கை நாளுக்கு நாள் போனது. மார்கழியில் விரல்கள் அவருடைய நாடியைத் தொட்டன. கணக்குப்படி நூற்றைந்தாம் நாள். தை முழுவதும் அவர் முகம் திரும்பியது, மாசி முழுவதும் திரும்பியது. பல்லைக் கடித்திருந்த வாய் தளர்ந்தது. கண் மட்டும் கொடி நின்ற பக்கத்தை விடாமல் இருந்து, மாசி இருபதுக்கு மேல்தான் கிளம்பியது. நான் தினமும் காலையில் முழத்துக்கு இப்பால் நின்று, கருவிழிக்கும் கடைக்கண்ணுக்கும் நடுவே எவ்வளவு வெள்ளை தெரிகிறது என்று பார்த்தேன். கீழே இறங்கினால் எல்லாரும், "வந்துருமா? வந்துருமா?" என்று கேட்டார்கள். பார்ப்போம் என்றேன்.

பங்குனி இருபத்து மூன்றாம் தேதி காலையில் மூக்கு பாறையைத் தொட்டது. தொட்டதும் அந்த மெதுவெல்லாம் தீர்ந்துபோயிற்று. எட்டு வருஷமாக வராத இஞ்சின் சத்தம் முழுவதும் ஒரே கணத்தில் வந்தது, மரமும் துணியும் இரும்பும் மருந்துத் தொட்டியும் ஒன்றாகின, வெள்ளைப் புகை பள்ளத்தை நிறைத்தது. காக்கைகள் எழுந்து அடங்குவதற்குள் முடிந்துவிட்டது. இருவரையும் பிரித்து எடுக்க முடியவில்லை, ஒரே பெட்டியில் வைத்தோம்.

விசாரணை அதிகாரி வந்தார், வேறு ஆள், இளவயசு. தகரப் பெட்டியைத் திறந்து புத்தகத்தைக் கொடுத்தேன். மொத்த நேரத்தில் எழுபத்தீராயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு மணி கூட்டவேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அந்தக் காலிக் கட்டத்தில் ஏழு இருபத்தைந்து என்று எழுதினார். பறந்த நேரம், பதினைந்து நிமிஷம்.

பள்ளத்தை மூடவில்லை. பக்கத்தில் ஊரார் ஒரு கல் நட்டார்கள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. கல்யாணம் ஆன ஜோடிகள் அங்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஊரார் என்னைக் காட்டி, கடைசிவரை அளந்தவர் இவர்தான், இவரைக் கேளுங்கள் என்று வெளியூர்க்காரர்களை அனுப்புகிறார்கள். அவர் அவளைப் பார்த்தாரா என்று வந்தவர்கள் கேட்கிறார்கள். பார்த்தார் என்று சொல்கிறேன்.

அவர் கண் அவள் மேல் வந்து சேர மூன்று நாள் குறைந்தது.